கடை திறக்குதே இல்ல என்று ஒரு வொய்ஸ் நோட்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்தாவின் ஒன்லைன் கடையில் துணி வாங்கியவர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நோன்பு மாதத்தில் அந்தக் கடை ஏன் அப்படி இழுத்தடித்தது, ஒரு நாள் ஏன் இரண்டு மணித்தியாலம் மூடிக்கிடந்தது என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறோம்.

கடை உங்களுக்குத் தெரியும். மருதமுனைக் கைத்தறி: சாரி, சாரன், பெட்ஷீற். நெய்கிற ஆக்களிடம் எடுத்து ராத்தா விற்கிறா. மச்சான் போட்டோ எடுப்பார். கணனி வேலை எங்கள் தலையில். ஆசிரியர் கலாசாலையில் கணனியும் படித்ததால் எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. வேர்ட்பிரஸ், வூகொமர்ஸ் என்ற இரண்டையும் வைத்துக் கடையைக் கட்டிய தம்பி வெளிநாடு போய் மூன்று வருடம். பெருநாள் ஓடர்களை நம்பி நாலு தறி ஓடுகிறது. அந்த ஒரு மாதம் பிசகினால் வருடமே பிசகும்.

நோன்பு ஐந்தோ ஆறோ. புத்தளத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் வொய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. "ராத்தா, உங்கட கடை திறக்குதே இல்ல. வெள்ளையாவே நிக்கிது. டேட்டாதான் போகுது." நாங்கள் உடனே எங்கள் போனில் திறந்து பார்த்தோம். பளிச்சென்று வந்தது. "உங்கட சிக்னல் பிரச்சினையாக்கும்" என்று பதில் போட்டோம். மறுநாள் இன்னும் இரண்டு பேர். வார முடிவில் ராத்தா ஓடர் கொப்பியைத் திறந்து காட்டினா. போன வருடத்தின் பாதி கூட இல்லை.

எங்கள் போனில் மட்டும் ஏன் வேகம்? வீட்டில் பைபர் இணைப்பு. அதோடு அந்தத் தளத்தை நூறு தரம் திறந்தவர்கள் நாங்கள். படங்களெல்லாம் போனிலேயே சேமித்து இருக்கின்றன. புத்தளத்துப் பெண் டேட்டாவில், முதல் தடவையாக வருகிறா. இது விளங்க எங்களுக்கு ஒரு வாரம் எடுத்தது.

விளங்கியும் அளந்து பார்க்கவில்லை. ஹொஸ்டிங்காரர்தான் காரணம் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, 18,000 ரூபா கட்டி, பெரிய பெக்கேஜுக்கு மாறினோம். ஒன்றும் மாறவில்லை. பிள்ளைக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை என்று பாராமல் இன்னொரு டியூஷனுக்கு அனுப்புகிற பெற்றோரைக் கண்டு எத்தனை தரம் சலித்திருக்கிறோம்! பரிகாரக் கற்பித்தல் என்று கலாசாலையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், சொந்தக் காசு என்றதும் அதையே செய்தோம்.

பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தோம். குரோம் பிரவுசரில் எப்12 விசையை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் நெற்வேர்க் என்ற பகுதி, பக்கம் திறக்க எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரி வரியாகக் காட்டும். சேமித்த படங்களைப் பாவிக்காதே என்று அதற்குச் சொல்லலாம்; வேகம் குறைந்த 4ஜி போல நடி என்றும் சொல்லலாம். அதாவது புத்தளத்துப் பெண்ணின் இடத்தில் போய் நிற்கலாம். நின்றோம். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடியது.

முதற் பக்கம் மட்டும் 31 மெகாபைற்று. அதில் 27, மேலே ஓடுகிற ஐந்து படங்கள். மச்சான் ஒரு அப்பில் பின்னணியை வெட்டி, சாரியைப் பளபளவென்று பி.என்.ஜி. கோப்பாகச் சேமித்திருக்கிறார். அந்த வகை, படத்தின் ஒரு புள்ளியையும் விடாமல் வைத்திருக்கும். எழுத்துக்கும் இலச்சினைக்கும் நல்லது, போட்டோவுக்குப் பாரம். ஒரு பைற்றுக்கு 8 பிற்று. 27 மெகாபைற்று என்றால் 216 மெகாபிற்று. செக்கனுக்கு 4 மெகாபிற்று வருகிற இணைப்பில் படங்களுக்கு மட்டும் 54 செக்கன். எங்கள் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுகிற கணக்கு. படங்களைச் சுருக்கி வெப்பி வகைக்கு மாற்றினோம். ஐந்தும் சேர்ந்து ஒரு மெகாபைற்றுக்குள் வந்தன. மச்சானுக்கு நிறம் மங்கிவிட்டதென்று இன்னும் மனக்குறை. பக்கத்தில் வைத்துக் காட்டினால் எது எதென்று அவருக்கும் தெரிவதில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. சாரியைத் தொட்டால், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால், திரும்பவும் வெள்ளை. இந்தத் தரம் பெட்டி வேறொன்றைக் காட்டியது. இறங்கும் நேரம் கொஞ்சம்தான். சேர்வர் முதல் பைற்றை அனுப்பும்வரை காத்திருந்த நேரம் ஆறு செக்கன். 0.8 செக்கனுக்குள் இருப்பது நல்லதென்று கூகிள் சொல்கிறது. சேர்வர் அமெரிக்காவில் இருக்கிறதே, தூரமோ என்றும் யோசித்தோம். இங்கிருந்து அங்கு போய் வர கால் செக்கன் அளவில்தான் ஆகும். மிச்சம் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் ஒரு வீடியோ பார்த்தோம். கேஷ் போடுங்கள், பறக்கும் என்றார் அதில் ஒருவர். கேஷ் என்பது, பக்கத்தை ஒரு தரம் தயாரித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுப்பது. கஞ்சியை ஆளுக்காள் காய்ச்சாமல் ஒரே சட்டியில் காய்ச்சிப் பகிர்வது மாதிரி. அதற்கான செருகியைப் போட்டோம். அது போதாதென்று ஹொஸ்டிங் பெனலில் இருந்த இன்னொன்றையும் திறந்து, 'எல்லாவற்றையும் சேமி' என்று சரி போட்டோம். பக்கம் அரைச் செக்கனில் வந்தது. ராத்தா அன்று இஃப்தாருக்கு வட்டிலப்பம் செய்தா.

சஹர் நேரம் கண்டியிலிருந்து ஒரு மெசேஜ். பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தால் தன்னுடைய பெயர் இல்லை, வேறொரு பெண்ணின் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கிறது என்று, படமும் எடுத்து அனுப்பியிருந்தா.

கஞ்சிக்கு ஒரே சட்டி சரி. கூடை, பணம் கட்டும் பக்கம், சொந்தக் கணக்கு இவை ஆளுக்காள் வேறு. அவற்றைச் சேமிக்கவே கூடாது. செருகி அதை அறிந்து விலக்கி வைத்திருந்தது. நாங்கள் பெனலில் போட்ட சரி, விலக்கு ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் சேமித்துவிட்டது. யாரோ ஒருவர் நிரப்பிய பக்கம் அடுத்தவர்களுக்குப் போயிருக்கிறது.

கடையை மூடினோம். அந்த இரண்டு மணித்தியாலம் இதுதான். சேமித்ததெல்லாம் அழித்து, பெனலில் இருந்ததை நிறுத்தி, பல போன்களில் பார்த்து, பிறகு திறந்தோம். அதுவல்ல கஷ்டம். பெயர் வெளியே போன அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவவுக்குத் தெரியவே போவதில்லை என்று வீட்டில் ஒரு குரல் எழும்பியது உண்மை. யாருடைய குரல் என்று எழுதவில்லை. ராத்தாதான் போனை எடுத்தா. மறுபக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எத்தன பேர் என்ட நம்பரக் கண்டிருப்பாங்க?" சேர்வரின் பதிவைப் பார்த்தோம். அந்த நேரத்துக்குள் ஒன்பது வெவ்வேறு இடங்களிலிருந்து அந்தப் பக்கம் திறக்கப்பட்டிருக்கிறது. யார் என்று அதில் இல்லை. அதையே சொன்னோம். "சரி, சொன்னதே பெரிசு" என்று வைத்துவிட்டா. அந்தச் சாரி ஓடரை மட்டும் நிறுத்தினா. நியாயம்தான்.

வைத்த பிறகு ராத்தா எங்களைப் பார்த்து ஒன்றுதான் கேட்டா: "தெரியாத பட்டன ஏன் தட்டின நீ?"

அதற்குப் பிறகு ஓடுகிற கடையில் கை வைக்கவில்லை. கடையை அப்படியே பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வைத்தோம். வாங்குகிறவர் யாரும் அங்கே வரமாட்டார். குவெரி மொனிட்டர் என்றொரு செருகி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் திறக்கும்போது தரவுத்தளத்திடம் எத்தனை கேள்விகள் போகின்றன, எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும். ஒரு கேள்வி மட்டும் நாலு செக்கனுக்கு மேல். எந்தச் செருகி கேட்கிறது என்று உறுதிசெய்ய, இருந்த 38 செருகிகளில் பாதியை நிறுத்திப் பார்த்தோம். வேகம் வந்தால் குற்றவாளி நிறுத்திய பாதியில், வராவிட்டால் மற்றதில். பிறகு அந்தப் பாதியில் பாதி. ஆறு தரத்துக்குள் எப்படியும் அகப்பட்டுவிடும்.

அகப்பட்டது, 'இந்தச் சாரியை இதுவரை இத்தனை பேர் பார்த்தார்கள்' என்று கீழே காட்டுகிற சின்ன எண். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி, மூன்று வருடத்தில் இருபது இலட்சத்துக்கும் மேல் வரிகள். சாரிப் பக்கம் ஒவ்வொன்று திறக்கும்போதும் முதல் வரியிலிருந்து கடைசி வரை எண்ணியிருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் அந்த எண்ணைக் காட்டுவதே இல்லை, அங்கும் எண்ணியிருக்கிறது. அந்த அட்டவணைக்குச் சுட்டி இல்லை. பாடசாலைச் சேர்விடாப்பில் அனுமதி இலக்கம் இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரைத் தேடியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். தம்பி கட்டியபோது சில நூறு வரிகள்தான் இருந்திருக்கும்; அவருக்குத் தெரிய நியாயமில்லை. 18,000 ரூபாப் பெக்கேஜ், அந்த வீண் எண்ணுகையை ஒரு பெரிய மெசினில் செய்தது. அவ்வளவுதான்.

இனி உண்மையான கடையில் அதைக் கழற்ற வேண்டும். எப்போது? நள்ளிரவு என்றுதான் நினைத்தோம். பதிவைப் பார்த்தால் நோன்பு மாதத்தில் நள்ளிரவுதான் சந்தை. தராவீஹ் முடிந்தவர்களும் சஹருக்கு எழும்பியவர்களும் கையில் போனோடு. நாளின் வெறிச்சோடிய நேரம் நோன்பு திறக்கிற அந்த அரை மணித்தியாலம். முழுப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, பாங்கு சொல்லி, ஒரு கையில் பேரீச்சம்பழமும் மறு கையில் மவுசுமாகக் கழற்றினோம். ஆறு செக்கன் 0.7 ஆனது. ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்த பிறகே கஞ்சி இறங்கியது.

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. போன வருடத்து அளவுக்கு வரவில்லை, முக்கால்வாசி வந்தது. ஒரு தறிக்காரருக்கு ஒரு கிழமை வேலை கொடுக்க முடியாமல் போனது. புத்தளத்துப் பெண்ணுக்கு "இப்ப பாருங்க" என்று அனுப்பினோம். "திறக்குது. ஆனா நான் கேட்ட பச்ச சாரி முடிஞ்சிட்டே" என்று வந்தது.

ஊரில் ஒன்லைன் கடை வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமார், இதே இழுபறி இருந்தால் அசருக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். புதுப் போன் வேண்டாம். உம்மாவின் பழைய போனை, டேட்டா போட்டுக் கொண்டு வாருங்கள்.