பிரபுக்களின் ஜாதகம்

நாவல் எழுதுகிறவர்கள் நாவல்களை மட்டுமே படிப்பார்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தீர்களானால், அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த எழுத்தாளர் ஒருவருக்கு ரயில்வே கால அட்டவணை தலைமாட்டில் இருந்தால்தான் தூக்கம் வரும். இன்னொருவருக்குப் பழைய பஞ்சாங்கம். என்னுடைய பைத்தியம் இவற்றைவிடச் சற்று விசித்திரமானது. இங்கிலாந்து, அயர்லாந்து தேசத்துப் பிரபு வம்சங்களை வரிசைப்படுத்திச் சொல்லும் ‘பர்க்’ என்ற தடித்த புத்தகத்தை நான் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறவன். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், “யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறீர்கள்?” என்று வீட்டில் கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஜாதகத்தைப் போலவே இதிலும் பிறப்பும் கல்யாணமும் சொத்தும் சாவும்தான் விஷயம்.

1826-ஆம் வருஷம் ஜான் பர்க் என்ற அயர்லாந்துக்காரர் இந்தப் புத்தகத்தை ஆரம்பித்தார். பெரிய பட்டம், சின்னப் பட்டம் என்று பிரித்துப் பிரித்துத் தேடவேண்டிய சிரமமில்லாமல், எல்லோரையும் அகர வரிசையில் உட்கார வைத்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். பிறகு 1833 முதல் 1838 வரை, பட்டமில்லாவிட்டாலும் நிலபுலன் உள்ள குடும்பங்களுக்கும் தனியாகப் புத்தகம் போட்டார். அவருடைய மகன் பெர்னார்டு பர்க் 1853-ல் டப்ளின் கோட்டையில் வம்சாவளிகளுக்கும் குலச் சின்னங்களுக்கும் அதிகாரியாகவே ஆகிவிட்டார். அந்தப் பதவிக்கு ‘அல்ஸ்டர் ராஜா’ என்று பெயர். ஆளுவதற்கு நாடு இல்லாத ராஜா!

அந்தப் புத்தகத்தின் பாஷையே தனி. ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் இரண்டு வரியில் அடங்கிவிடும். பிறந்த தேதி, படித்த கல்லூரி, சேர்ந்த பட்டாளம், கட்டிக்கொண்டது இன்னார் மகளை, இறந்தது இன்ன வருஷம். பல பெயர்களுக்குப் பின்னால் ‘டி.எஸ்.பி.’ என்று மூன்று எழுத்து வரும். நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால், ஒரே குடும்பத்தில் இத்தனை போலீஸ் அதிகாரிகளா என்று மலைத்துப் போவார். லத்தீன் பாஷையில் அதற்கு, ‘சந்ததியின்றி இறந்தார்’ என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் எத்தனை பிரார்த்தனை, எத்தனை வைத்தியம், எத்தனை கண்ணீர் இருந்திருக்கும்! புத்தகத்துக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. அடுத்த தம்பியின் பெயருக்குப் போய்விடும்.

இன்னொரு சம்பிரதாயத்தையும் கவனியுங்கள். முதலில் ஆண் பிள்ளைகளை 1, 2, 3 என்று வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் பெண்களுக்கு மறுபடியும் 1-லிருந்து எண் போடுவார்கள். வீட்டுக்கு மூத்த பெண், தம்பிமார் ஐந்து பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவளாகவே இருக்கட்டும். காகிதத்தில் அவள் இடம் கடைக்குட்டித் தம்பிக்குப் பின்னால்தான்.

இந்தக் காகித வரிகளுக்குள் கதை இருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் நாவலாசிரியர்களே. ஜேன் ஆஸ்டின் காலமான பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்த ‘பர்ஸுவேஷன்’ நாவலில் ஸர் வால்ட்டர் எலியட் என்று ஒரு பாரனெட் வருகிறார். பாரனெட் என்பது பரம்பரைப் பட்டங்களில் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படி. அல்ஸ்டரில் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டியிருந்ததால், 1611-ல் முதலாவது ஜேம்ஸ் மன்னர் தலைக்கு 1,095 பவுன் விலை வைத்து விற்ற சரக்கு அது. ஸர் வால்ட்டர் பொழுது போகவில்லையென்றால் எடுத்துப் படிப்பது பாரனெட்டுகளின் புத்தகம் ஒன்றைத்தான்; அதிலும் தம் குடும்பத்துப் பக்கத்தை. அந்தப் பக்கத்தில் மூன்று பெண்கள். இறந்தே பிறந்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை மூச்சுவிட்டிருந்தால் பட்டமும் பண்ணையும் தூரத்து உறவினனுக்குப் போயிருக்காது. நாவலின் முடிச்சே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தாமஸ் ஹார்டி இன்னும் கொடுமையான கதை சொன்னார். 1891-ல் வந்த ‘டெஸ்’ நாவலில், வீடு திரும்பும் ஓர் ஏழைச் சில்லறை வியாபாரியைப் பார்த்து, நீ பழைய வீரப் பிரபுக்களின் வம்சம் என்று ஒரு பாதிரியார் சொல்லி வைக்கிறார். விளையாட்டாகச் சொன்ன அந்தச் சேதி அவன் மகளின் உயிரைக் குடித்துவிட்டுத்தான் ஓய்கிறது. உறவு கொண்டாடி அவள் தேடிப் போகும் பணக்காரர்களோ, அற்றுப்போன வம்சங்களைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டி அந்தப் பெயரைப் பொறுக்கி எடுத்துச் சூட்டிக்கொண்டவர்கள். அசல் ரத்தம் கந்தல் துணியில் நடக்கிறது. எடுத்துக்கொண்ட பெயர் மாளிகையில் வாழ்கிறது.

இது வெறும் கற்பனையல்ல. ஹொரேஸ் ரவுண்டு என்று ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் இருந்தார். பிரபு வீடுகளின் வம்ச விருட்சங்களை வேரோடு பிடித்து ஆட்டிப் பார்ப்பதே அவருடைய தொழில். வின்ஸ்டன் சர்ச்சிலும் இளவரசி டயானாவும் பிறந்த ஸ்பென்ஸர் வம்சத்தார், மத்திய காலத்து டெஸ்பென்ஸர் பிரபுக்களின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லி வந்தார்கள். அந்தச் சங்கிலி பிற்காலத்தில் செய்து மாட்டியது என்று 1901-ல் ரவுண்டு எடுத்துக்காட்டினார். உண்மையான மூதாதைகள் ஆட்டுக்கிடை வைத்துப் பெரும்பணம் சேர்த்தவர்கள். ஆடு மேய்த்து முன்னுக்கு வந்தது எந்த விதத்தில் கேவலம்? எனக்கு அந்த ஆட்டுக்காரரிடம்தான் மதிப்பு அதிகமாகிறது.

நம் தேசத்துச் சரித்திரத்தில் அடிபடும் வெல்லெஸ்லி பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கவர்னர் ஜெனரல். தம்பி 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த படையில் இருந்தவர், பின்னால் நெப்போலியனை ஜெயித்த வெல்லிங்டன். இவர்களுடைய பாட்டனார் ரிச்சர்டு காலி என்ற அயர்லாந்துக்காரர். பிள்ளையில்லாத உறவினர் ஒருவரின் சொத்து 1728-ல் அவருக்கு வந்தது. சொத்தோடு ‘வெஸ்லி’ என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார். பேரன்மார் காலத்தில் அது நீண்டு வெல்லெஸ்லி ஆயிற்று. வம்சம் என்பது ரத்தமா, சொத்தா என்று கேட்டால் பர்க்கின் பக்கங்கள் மௌனமாகச் சிரிக்கின்றன.

அயர்லாந்து என்றதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. 1922 ஜூன் 30-ந் தேதி, உள்நாட்டுச் சண்டையின்போது டப்ளினில் ‘நான்கு நீதிமன்றங்கள்’ என்ற கட்டடத் தொகுதி வெடித்துத் தீப்பிடித்தது. தேசத்தின் ஆவணக் காப்பகம் அங்கேதான் இருந்தது. உயில்கள், மாதாகோவில் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரை நான்கு முறை எடுத்த ஜனத்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, எல்லாம் சாம்பலாயின. கருகிய காகிதத் துண்டுகள் டப்ளின் தெருக்களில் வந்து விழுந்தன.

ஆனாலும் பழைய உயில்களில் ஒரு பகுதியின் சாரம் பிழைத்தது. பெர்னார்டு பர்க்குக்கு முன்பு அதே ‘ராஜா’ பதவியில் இருந்த வில்லியம் பெத்தாம், வம்சாவளி போடுவதற்காக 1800-க்கு முந்தைய உயில்களிலிருந்து பெயர்களையும் உறவுகளையும் நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்திருந்தார். நல்ல காரியம்தான். ஆனால் அவர் குறித்தவை எப்படிப்பட்ட உயில்கள்? ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் 5 பவுனுக்கு மேல் சொத்து வைத்திருந்தவர்களுடைய உயில்கள்.

1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டு போனார்கள். பஞ்சத்துக்கு நாலு வருஷம் முன்னால், 1841 கணக்கெடுப்பில், அவர்களில் பெரும்பாலோர் பெயர் வீடு வீடாக எழுதப்பட்டிருக்கும். குடிசைக்காரன், அவன் பெண்டாட்டி, குழந்தைகள், வயது, தொழில் எல்லாம் இருந்திருக்கும். தாங்கள் உலகத்தில் இருந்தோம் என்பதற்கு அநேகருக்கு அந்த ஒரு காகிதந்தான் சாட்சி. அதைப் பிரதி எடுத்து வைக்க எந்த ராஜாவுக்கும் அவசியம் ஏற்படவில்லை. 2022-ல், நூறு வருஷம் கழித்து, உலகெங்கும் சிதறிக் கிடந்த நகல்களைக் கொண்டு அந்தக் காப்பகத்தைக் கணினியில் மறுபடி கட்டத் தொடங்கி வைத்தார்கள். அரிய முயற்சி, கைகூப்ப வேண்டியதுதான். ஆனால் நகல் இருந்தால்தானே உயிர்ப்பிக்க முடியும்? முதல் தடவை பசியில் செத்தவர்கள், இரண்டாம் தடவை நெருப்பில் செத்தார்கள்.

கடைசியாக ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். ஹாம்ப்ஷயரில் டிச்போர்ன் என்று ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டு மூத்த பிள்ளை ரோஜர், 1854-ல் தென் அமெரிக்காவிலிருந்து ‘பெல்லா’ என்ற கப்பலில் புறப்பட்டான். கப்பல் கரை சேரவே இல்லை. எல்லோரும் நம்பிவிட்டார்கள், தாயார் மட்டும் நம்பவில்லை. பத்திரிகைகளில் விளம்பரம் செய்துகொண்டே இருந்தாள். அந்த அம்மாள் ஒரு சீமானுக்கு முறைப்படி கல்யாணமில்லாமல் பிறந்த மகள். வம்சாவளிப் புத்தகம் அவளைப் பிறப்பிலேயே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. அவளுக்குப் புத்தகம் எதற்கு? பிள்ளைதான் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரிலிருந்து, கடனில் மூழ்கிய ஒரு கசாப்புக் கடைக்காரன், நான்தான் ரோஜர் என்று வந்து சேர்ந்தான். ரோஜர் ஒல்லி, இவனோ மலை போல உடம்பு. ரோஜர் பாரிஸில் வளர்ந்தவன். இவனுக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது. 1867 ஜனவரியில் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் தாயார் அவனைப் பார்த்தாள். “என் பிள்ளை” என்று ஏற்றுக்கொண்டாள். வருஷத்துக்கு 1,000 பவுன் கொடுத்தாள். அடுத்த வருஷமே இறந்து போனாள். பிறகு கோர்ட்டுகள் ஏறி இறங்கி, 1874-ல் அவனுக்கு 14 வருஷம் தண்டனை கிடைத்தது. லண்டன் வாப்பிங்கில் பிறந்த ஆர்தர் ஆர்ட்டன் அவன் என்பது தீர்ப்பு. ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது. இவன் கையில் இல்லை. கோர்ட்டுக்குத் தெரிந்தது தாய்க்குத் தெரியவில்லையா? தெரியாமல் இருந்திருக்குமா என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன். பதின்மூன்று வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வந்தவனை எடை போட்டா பார்ப்பாள்?

அந்த வீட்டுக்கு ஒரு பழைய சாபம் உண்டென்பார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன், சாகும் தறுவாயிலிருந்த சீமாட்டி ஒருத்தி, ஏழைகளுக்கு வருஷந்தோறும் தானியம் கொடுக்க நிலம் கேட்டாளாம். இந்தக் கொள்ளி எரிந்து அணைவதற்குள் நீ சுற்றி வருகிற நிலமெல்லாம் ஏழைகளுக்கு என்றானாம் புருஷன். நடக்க முடியாதவள் தவழ்ந்தே 23 ஏக்கர் சுற்றி வந்தாளாம். இந்தத் தர்மத்தை நிறுத்தினால் ஒரு தலைமுறையில் ஏழு பிள்ளைகளும், அடுத்த தலைமுறையில் ஏழு பெண்களும் பிறந்து பெயர் அற்றுப் போகும் என்று சொல்லிக் கண்ணை மூடினாளாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தர்மம் நின்றது. அப்போதைய பாரனெட்டுக்கு ஏழு பிள்ளைகள். அவருடைய மூத்த மகனுக்கு ஏழு பெண்கள். பயந்துபோய் மறுபடி தொடங்கினார்கள்.

பெண்கள் பிறப்பதுதான் சாபமாம்! 1968-ல் கடைசி பாரனெட் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், பட்டம் அற்றுப்போயிற்று. பர்க்கின் கணக்கில் அந்தப் பக்கம் முடிந்தது. பண்ணை மட்டும் மகள் வழியாகப் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் மார்ச் 25-ந் தேதி, டிச்போர்ன் மாளிகை வாசலில் ஊர் ஜனங்கள் பையோடு வந்து நிற்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு காலன் மாவு, குழந்தைகளுக்கு அரைக் காலன். அந்த மாவை அளந்து போட வைத்தவர்கள் மகள் வயிற்று வாரிசுகள்.