உஸ்தாத், இப்போது என்ன சொல்கிறீர்கள்?

 

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தைக்கு நான் கூறிய யோசனையைப் பற்றி இன்று உங்களிடம் மனம் திறந்து எழுத விரும்புகிறேன். அவர் என்னை நம்பிக் கேட்டார். நான் அறியாமல் பதில் சொன்னேன். உங்களிலும் சிலர் இத்தகைய கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருக்கலாம் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே ஒரு சிற்றூர் மதரஸாவில் நான் ஓதிக்கொடுத்து வருகிறேன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவன். 2005-ஆம் ஆண்டு என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு பெற்றாள். கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவில் பிளஸ் ஒன் சேர வேண்டுமென்பது அவளுடைய ஆசை. அதற்குப் பஸ் ஏறி நகரத்துப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அவளுடைய வாப்பா என்னிடம் வந்து, "உஸ்தாத், நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன்" என்றார். "கம்ப்யூட்டர் படித்து வேலைக்கென்று பெங்களூருக்கா அனுப்பப் போகிறீர்கள்? இவ்வளவு போதும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு அவளுடைய படிப்பு நின்றது. சில ஆண்டுகளில் நிக்காஹ் நடந்தது. மணமகன் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். நான் அதை மறந்தும் போனேன்.

2025 மே மாதம் அதே மாணவி என் வீட்டு வாசலுக்கு வந்தாள், தன் மகளுடன். மகளும் என்னிடம் ஓதியவள்தான். அவளும் கணிதத்தில் நூறு பெற்றிருந்தாள். "அன்று வாப்பா உங்களிடம் கேட்டார்கள். வாப்பா இப்போது மர்ஹூமாகிவிட்டார்கள். அதே கேள்வியை நான் கேட்க வந்திருக்கிறேன். உஸ்தாத், இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் தவணை கேட்டேன். இம்முறை கண்ணால் காணாமல் பதில் சொல்வதில்லை என்று உறுதி கொண்டேன். என் பழைய மாணவர் ஒருவர் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கில் பணியாற்றுகிறார். அவர் அனுமதிச் சீட்டு வாங்கித்தர, ஒரு நாள் அங்கே சென்றேன். எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் முதல் நாள் வரை அவ்வூரும் எங்கள் ஊரும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. வரலாறு படித்த எனக்கு அரண்மனை தெரிந்திருந்தது; பூங்கா தெரிந்திருக்கவில்லை.

தொழிற்பேட்டை என்றால் புகைபோக்கியும் சரக்கு லாரிகளும் நினைவுக்கு வரும். அங்கே மரங்கள் சூழ்ந்த குன்றுகளும் கண்ணாடிக் கட்டடங்களுமே இருந்தன. பம்பா, பெரியாறு, நிளா, பவானி என்று கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். தலையில் முக்காடு அணிந்த இளம்பெண்கள் பலரும் கழுத்தில் அடையாள அட்டையுடன் சென்றுகொண்டிருந்தனர். உணவு நேரத்தில் நம் நாகர்கோவில் பேச்சும் என் காதில் விழுந்தது. "இங்கே என்னதான் உற்பத்தியாகிறது?" என்று என் மாணவரிடம் கேட்டேன். "கணக்குதான் சரக்கு, உஸ்தாத்" என்றார். எங்கோ ஒரு நாட்டின் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வேண்டிய கணினி நிரல்களை இங்கே அமர்ந்து எழுதுகிறார்கள். அவர் விளையாட்டாகச் சொன்ன சொல் என்னைச் சுட்டது. அன்று நான் 'போதும்' என்று நிறுத்தி வைத்ததும் அந்தக் கணக்கைத்தானே!

இந்தப் பூங்கா வந்த வரலாற்றைக் கேளுங்கள். 1990-இல் கேரள அரசு இதைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா இதுவே. யோசனைக்கு உரியவர் கே.பி.பி. நம்பியார். அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை வளர்த்தவர். மத்திய அரசின் மின்னணுத் துறைச் செயலாளராகவும் இருந்தவர். 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒரு புதிய நிறுவனம் நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, மின்சாரத்துக்கும் தகவல் தொடர்புக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தால் தொழில் தொடங்குமுன்பே களைத்துவிடும். இங்கே இவையனைத்தும் ஆயத்தமாக இருக்கும். வாடகை செலுத்தி மறுநாளே வேலையைத் தொடங்கலாம். நிறுவனங்கள் அருகருகே இருப்பதால் தேர்ந்த பணியாளர்களும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். பணியாளர்கள் கூடுவதால் மேலும் நிறுவனங்கள் வருகின்றன. இன்று 70,000 பேருக்கு மேல் அங்கே பணிபுரிகின்றனர்.

ஆனால் கட்டடத்தால் மட்டும் இது நடந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி 1939-இல் தொடங்கப்பட்டது. கெல்ட்ரான் 1973-இல் பிறந்தது. பூங்காவுக்கு அடித்தளமிட்ட அதே 1991-இல்தான் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அரை நூற்றாண்டாக வகுப்பறைகளில் விதைத்ததைத்தான் அந்தக் குன்றில் அறுவடை செய்கிறார்கள். விதைக்காதவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும்? காவலர் வேலையும், உணவுக்கூட வேலையும், வாகனம் ஓட்டும் வேலையும் கிடைக்கும். அவையும் ஹலாலான உழைப்புதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையை அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தியது வறுமை அன்று, என் வாய்ச்சொல்.

திரும்பும் வழியில் தும்பாவுக்கும் சென்றேன். கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட கடற்கரை அது. மீனவ மக்கள் தங்கள் மாதா கோவிலையே ஆய்வுக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த ராக்கெட்டின் பாகங்களைப் பொருத்தும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமிடம் இருந்தன. அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர், பள்ளிவாசல் இமாமும்கூட. அந்த இமாம் தம் மகனைப் படிப்புக்காக இராமநாதபுரத்துக்கும், பிறகு திருச்சிக்கும் சென்னைக்கும் அனுப்பினார். சென்னையில் பொறியியல் படிப்பில் சேரப் பணமில்லாதபோது சகோதரி ஜொஹ்ரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஓர் இமாம் தம் மகனை எவ்வளவு தூரம் அனுப்பினார்! ஓர் உஸ்தாதாகிய நான் ஒரு பெண்பிள்ளையை நகரத்துப் பஸ்ஸில்கூட ஏறவிடவில்லை. அந்தக் கடற்கரையில் வெகுநேரம் நின்றேன்.

எல்லாம் இனிப்பு என்று நான் சொல்லமாட்டேன். இரவு நேரப் பணி உண்டு. நிறுவனங்கள் ஆட்களைக் குறைக்கும் காலமும் வரும். பூங்காவைச் சுற்றி வாடகை ஏறும். சாதாரணக் குடும்பம் திணறும். செயற்கை நுண்ணறிவு வந்தபின் எளிய கணினி வேலைகளுக்கு முன்போல் உறுதி இல்லை. ஆகவே மூன்று மாதப் பயிற்சியை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கணிதமும் அறிவியலும் அடிப்படையிலிருந்தே உறுதியாக அமையட்டும்.

ஒரு வாரம் கழித்து அவர்களுடைய வீட்டுக்கு நானே சென்றேன். முதலில் அந்தத் தாயிடம், "அன்று நான் சொன்னது தவறு, என்னை மன்னித்துவிடம்மா" என்றேன். அவள் தலை குனிந்து சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "என்னுடைய காலம் போகட்டும் உஸ்தாத், இவளுக்குச் சொல்லுங்கள்" என்றாள். "கணிதப் பிரிவிலேயே சேரட்டும். விண்ணப்பம் வாங்க நானும் வருகிறேன்" என்றேன். மகள் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீருக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது மதரஸாவில் ஒரு சிறிய மாற்றம் செய்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு மாலை ஓதும் நேரத்தை மாற்றி, கணித வகுப்புக்குச் செல்ல வழிவிட்டிருக்கிறோம். ஓதலும் குறையவில்லை, கணக்கும் குறையவில்லை.

சகோதர சகோதரிகளே! அரசு பூங்கா அமைக்கலாம், சாலை போடலாம், ரயில் விடலாம். அந்த வாசலுக்குள் செல்லும் தகுதியை நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமும் நம் ஆசிரியர்களும்தான் தேடிக்கொடுக்க வேண்டும். மகளின் திருமணத்துக்கென்று நகை சேர்க்கும் தாய்மார்கள், ஜொஹ்ராவின் வளையலையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஜமாஅத் பெரியவர்கள், பஸ் கட்டணம் இல்லாமல் நிற்கும் பிள்ளை உங்கள் மஹல்லாவில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். என்னைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: 'போதும்' என்று சொல்லுமுன் ஒரு நாள் பயணம் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது நாள்தோறும் காலையில் பஸ் ஏறுகிறாள். அவளுக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள். எனக்காகவும்.