வாசலில் கேட்ட செருப்பொலி

திருத்தணி மலையடிவாரத்தில் வளர்ந்த உடன்பிறப்புகள் நாங்கள் மூவர். ஆடிக் கிருத்திகையின் மேளம், ரயிலோசை, கடைத்தெருவில் கலந்தொலிக்கும் தமிழும் தெலுங்கும் என எத்தனையோ ஓசைகள் நிறைந்த ஊர் அது. எனினும் எங்கள் செவிகள் காத்திருந்தது ஒன்றுக்கே: இஷாவுக்குப் பின் வீடு திரும்பும் தந்தையின் செருப்பொலி. அது விரைந்து ஒலித்தால் அடி விழும்; மெதுவாக ஒலித்தால் உறங்கலாம்.

தந்தை மௌத்தாகிப் பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் மூத்தவருக்கு 40 வயதுக்கு முன்பே இரத்த அழுத்தம், இளையவருக்கு உறக்கமின்மை, நடுவிலுள்ளவருக்குக் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கும். உப்பைக் குறைக்கச் சொன்ன மருத்துவர்கள் எவரும் எங்கள் பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

அவ்வாறு கேட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உடற்பருமனுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்கு குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விடுவதைக் கண்டார். விசாரித்தபோது, அவர்களுள் பலர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரிந்தது. ராபர்ட் ஆண்டாவுடன் இணைந்து 9,000-க்கும் மேற்பட்டோரிடம் அவர் நடத்திய ஆய்வு 1998-இல் வெளியானது. அடி, அவமதிப்பு, தாய் தாக்கப்படுதல், வீட்டில் குடிப்பழக்கம் போன்ற துன்பங்களுள் நான்கு வகையோ அதற்கு மேலோ கண்டவர்களிடம் மனச்சோர்வும் இதயநோயும் பக்கவாதமும் மிகுந்திருந்தன.

அஞ்சும் உடலில் அட்ரினலின், கார்டிசோல் ஆகியவை சுரக்கின்றன, இதயம் விரைகிறது. ஆபத்து நீங்கியதும் அடங்க வேண்டிய அந்நிலை, ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் அடங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் அது நீடித்தால் உடல் தேய்கிறது.

எனினும் அன்பான ஒரு பெரியவர் துணையிருந்தால் பாதிப்பு தணியும். எங்களுக்கு நன்னி இருந்தார். அடிபட்ட இரவுகளில் மூவரையும் தம் போர்வைக்குள் அணைத்துக்கொள்வார். பிறக்குமுன் தந்தையையும் ஆறு வயதில் தாயையும் இழந்த நபி (ஸல்) அவர்களைப் பாட்டனார் அப்துல் முத்தலிபும், பின்னர் பெரிய தந்தை அபூதாலிபும் அரவணைத்தனர். அந்த நபியவர்களே, ஸஜ்தாவில் தம் முதுகிலேறிய பேரனுக்காக ஸஜ்தாவை நீட்டினார்கள்.

சென்ற மாதம் மூத்தவர் வீட்டினுள் நுழைந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த அவருடைய மகன் சட்டென மௌனமானான். அம்மௌனத்தை நாங்கள் அறிவோம். அன்றிரவு முதன்முறையாக மூவரும் தந்தையைப் பற்றி மனம்திறந்து பேசினோம்; அவருடைய மன்னிப்புக்காக துஆச் செய்தோம்.

இப்போது மூத்தவர் தெருமுனையிலிருந்தே ஸலாம் கூறி, மகனைப் பெயர் சொல்லி அழைத்தபடி வருகிறார். செருப்பொலிக்கு முன்பே குரல் வந்துசேர்கிறது. நம் பிள்ளைகள் நம் வருகையை எண்ணி மகிழும் வீடுகளை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.