பழைய லேத் ஒண்ணு வாங்கலாமா?

சின்னமனூர்ல ஒரு லேத் பட்டறையை மூடப் போறாங்க. நாலரை அடி லேத், கோயமுத்தூர்ல செஞ்சது. (பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் 1926-ல ஆரம்பிச்ச ஊராச்சே, லேத்துக்குப் பஞ்சமா!) பட்டறைக்கார அண்ணனுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல. "தம்பி, வேணும்னா நீ எடுத்துக்க. இல்லன்னா பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேக்குறான்"னு சொல்லிட்டார். அன்னிலேர்ந்து தூக்கம் போச்சு.

நமக்கு இது தொழில் இல்லீங்க. தேனியில ஆபீஸ் வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா மோட்டார், டேபிள் ஃபேன்னு எதையாவது பிரிச்சுப் போட்டு உக்காந்துடற ஆசாமி. அவ்ளோதான் :-)

வீட்டம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "போன வருசம் எத்தனை தடவை லேத்துக்குப் போனீங்க?" எண்ணிப் பாத்தேன். ஏழு. பம்ப் புஷ் ரெண்டு, ஃபேன் புஷ் மூணு, புல்லி ஓட்டை பெரிசாக்கினது ஒண்ணு, ஷாஃப்ட் ஒண்ணு. மொத்தக் கூலி லேத் விலையில கால்வாசி கூட வராது. கணக்குப்படி வேண்டாம்.

ஆனா அந்த ஏழுல ஆறு அதே பட்டறையில செஞ்சது. கிணத்து மோட்டார், திராட்சைக்கு மருந்தடிக்கிற பம்ப், டிராக்டர்னு கம்பம் பள்ளத்தாக்கு வெவசாயம் தேயத் தேய, புஷ் போட்டு ஓட வச்ச எடம் அது. அது எடைக்குப் போறதான்னுதான் மனசு கேக்கல.

சரி, மனசை ஓரமா வச்சுட்டு மெஷினைப் பாத்தேன். பழைய லேத்துல சக் பக்கத்துலதான் பெட் அதிகமாத் தேயும், வேலை நடக்குறது அங்கதானே. சாடிலை அந்த எடத்துல ஆட்டமில்லாம இறுக்கிட்டு கடைசி வரைக்கும் தள்ளினா, தேயாத பக்கம் போனதும் பிடிக்கும். பிடிச்சுது. ஒரு ராடை சக்குல மட்டும் பிடிச்சு நாலு இஞ்ச் நீளத்துக்கு லேசா சீவி, ரெண்டு முனையிலயும் மைக்ரோமீட்டர் வச்சேன். 0.05 மில்லிமீட்டர் வித்தியாசம். நீளமான ஷாஃப்டுக்கு ஆகாது. நம்ம ஒரு இஞ்ச் புஷ்ஷுக்குத் தாராளம்.

மரை வெட்டுற சக்கரங்கள்ல 127 பல் சக்கரத்தைக் காணோம். லீட் ஸ்க்ரூ இஞ்ச் கணக்கு. ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர், அதை அஞ்சால பெருக்கினா 127. அந்தச் சக்கரம் இல்லாம மில்லிமீட்டர் மரை துல்லியமா வராது. சின்ன மரைக்கு டேப்பும் டையும் வச்சு சமாளிச்சுக்கலாம். மோட்டார் மூணு ஃபேஸ், வீட்டுல இருக்கறது ஒரு ஃபேஸ். பெல்ட்ல ஓடுறதால ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாட்டிடலாம். எடை கிட்டத்தட்ட அரை டன். மாடியில நெனைச்சே பாக்க முடியாது, கீழ கார் நிக்கிற எடத்துல கான்கிரீட் போடணும்.

உண்மையான பயம் வேற. வீட்டுல லுங்கியோட திரியிற ஆளு நான். லேத் முன்னாடி லுங்கி, துண்டு, கையுறை எதுவும் ஆகாது. சுத்துற சக் இழுத்துரும். சக் கீயை எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டா அது பறந்து வரும். பையனுக்கு ஒம்பது வயசு, எதைப் பாத்தாலும் சுவிட்சைத் தட்டுவான்.

இதையெல்லாம் அண்ணன்கிட்டயே கொட்டினேன். சிரிச்சார். "வாடகை இன்னும் ரெண்டு மாசம் இருக்கு தம்பி. ஞாயித்துக்கிழமை வந்து இங்கயே ஓட்டிப் பழகு. கை பிடிபட்டா தூக்கிட்டுப் போ."

வர்ற ஞாயிறு போறேன். பேண்ட் போட்டுட்டு.