ஞாயிற்று மின்கலமும் நிலைபேறும்

தமிழ் பயிலும் மாணவர்க்கும் மின்கலத்திற்கும் யாது தொடர்பு என்று நம் கல்லூரி அன்பர் சிலர் வினவக்கூடும். சொல்லாராய்ச்சியிற் பொழுது போக்கும் எமக்கு அத்தொடர்பு எம் இல்லத்தில் எழுந்த ஒரு வினாவினால் உண்டாயிற்று. அவ்வினா இன்னதென்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு விடை காணும்பொருட்டு யாம் கற்றனவும், விடுதியில் எம்முடன் உறையும் பௌதிக மாணவராகிய நண்பர் எமக்கு விளக்கியனவும் முதற்கண் உரைக்கற்பாலன.

ஒளி படுதலால் மின்னோட்டம் பிறக்கும் என்னும் உண்மையை 1839 ஆம் ஆண்டிற் கண்டவர் பிரெஞ்சு நாட்டு எட்மண்ட் பெக்கெரல் என்பார். அப்பொழுது அவர்க்கு வயது பத்தொன்பதே. எம்மை ஒத்த பருவத்தினர். அதே 1839 இல் குஸ்தாவ் ரோசே என்னும் செருமானிய அறிஞர், உரால் மலையிற் கிடைத்த ஒரு கனிமத்தை ஆய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்னும் உருசியப் பெருமகனார் நினைவாக அதற்குப் பெரோவ்ஸ்கைட் எனப் பெயரிட்டனர். ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விரண்டு செய்திகளும் ஒன்றையொன்று அறியாமலே நூற்றெழுபது ஆண்டுகள் தனித்து வாழ்ந்தன.

இடையில் நிகழ்ந்தவற்றுள் தலையாயது சிலிக்கன் கலத்தின் தோற்றம். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954 இல் அதனை உலகினர்க்குக் காட்டினர். தன்மேல் வீழ்ந்த கதிரொளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அஃது மின்னாற்றலாக மாற்றிற்று. சாப்பின் இம்முயற்சியில் இறங்கியதற்குரிய காரணம் நினைவிற் கொள்ளத்தக்கது. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் தொலைபேசிக்குரிய உலர்மின்கலங்கள் விரைவிற் கெட்டன. அவற்றிற்கு மாற்றுத் தேடவே அவர் பணிக்கப்பட்டனர். ஆகவே, ஈரத்திற்கு அஞ்சியே இக்கலை வளர்ந்தது எனலாம். 1958 இல் விண்ணிற் செலுத்தப்பட்ட வான்கார்டு என்னும் செயற்கைக் கோளில் வைத்த சாதாரண மின்கலம் சில வாரங்களில் ஓய்ந்துபோக, ஞாயிற்றுக் கலத்தால் இயங்கிய கருவியோ 1964 வரை குறி அனுப்பிக்கொண்டிருந்தது.

சிலிக்கன் மணலிலும் கல்லிலும் நிறைந்துள்ளது. எனினும் அதனைக் கலமாக்குதல் எளிதன்று. படிகக்கல்லைக் கரியொடு சேர்த்து மின்னுலையில் உருக்கிப் பிரித்தல் வேண்டும். பின்னர் அதனை ஆவியாக்கித் தூய்மை செய்தல் வேண்டும். மீண்டும் 1,414 பாகை வெப்பத்தில் உருக்கி, ஒரு சிறு படிகத்தை அவ்வுருகலிற் றோய்த்து, மெல்லச் சுழற்றித் தூண்போல் மேலே இழுத்தல் வேண்டும். அத்தூணை வைரத்துகள் பதித்த கம்பியால் மெல்லிய வில்லைகளாக அறுக்குங்கால் ஒரு பகுதி தூளாகி வீணாகின்றது. இத்துணை நெருப்பையும் உழைப்பையும் குறைத்தல் கூடுமோ என்பதே இன்றைய ஆராய்ச்சியாளரின் பெருங்கவலை.

அக்கவலைக்கு மருந்தாகத் தோன்றியதே பெரோவ்ஸ்கைட். உரால் மலையின் கனிமத்தை ஒத்த அணுவமைப்புடைய பொருள்கள் அனைத்திற்கும் இன்று அப்பெயரே குடிப்பெயராய் வழங்குகின்றது. கலத்திற்குரிய வகையில் ஈயமும் அயோடினும் ஓர் அங்ககச் சேர்மமும் கூடியுள்ளன. அயோடினுக்கு ஈடாகப் புரோமினைச் சிறிது கலப்பின், அஃது ஏற்கும் ஒளியின் நிறமே மாறும். உப்பை நீரிற் கரைப்பதுபோல் இதன் கூறுகளைத் தக்க நீர்மத்திற் கரைத்து, கண்ணாடியின்மேற் பூசி, ஏறக்குறைய நூறு பாகை வெப்பத்தில் உலர்த்தினாற் போதும். படிகம் தானே அமைகின்றது. அப்படலத்தின் கனம் மயிரிழையின் நூற்றிலொரு பங்கிற்கும் மேற்படாது.

2009 இல் சப்பான் நாட்டு மியாசாக்காவும் அவர்தம் மாணவரும் இதனை முதன்முதற் கலமாக்கியபொழுது கிடைத்த பயன் 3.8 விழுக்காடே. அக்கலத்தினுள் இருந்த நீர்மமே அப்படிகத்தைக் கரைத்துவிட்டது. 2012 இல் கொரியாவிற் பார்க் என்பாரும் ஆக்ஸ்போர்டில் சிநைத்து என்பாரும் நீர்மத்தை நீக்கித் திண்பொருளை அமைத்தனர். பயன் பத்து விழுக்காட்டளவு உயர்ந்தது. இப்பொழுது அஃது 26 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. சிலிக்கன் அரை நூற்றாண்டிற்கு மேலாக நடந்த வழியைப் பெரோவ்ஸ்கைட் பதினைந்தே ஆண்டுகளில் ஓடிக் கடந்தது.

இவ்விரண்டையும் பகைவராக்காது உறவினராக்கினோரும் உளர். மேலே வைத்த பெரோவ்ஸ்கைட் நீலமும் பச்சையுமாகிய ஒளியை உண்ண, அதனூடே சென்ற செவ்வொளியைக் கீழுள்ள சிலிக்கன் உண்கின்றது. 2024 இல் சீன நாட்டு லோங்கி நிறுவனம் இவ்வாறமைந்த அடுக்குக் கலத்தில் 34.6 விழுக்காடு கண்டது. சிலிக்கன் தனித்து நின்று எய்தக்கூடிய எல்லை ஏறக்குறைய 29 விழுக்காடே என்பர். அதே ஆண்டிற் செருமனியிலுள்ள ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து இவ்வகைத் தகடுகள் விற்பனைக்கும் சென்றன.

இனி எம் வினாவிற்கு வருவோம். எம் தந்தையார் கடற்கரையூர் ஒன்றிற் றொடக்கப்பள்ளி ஆசிரியர். மூன்றாண்டிற் பணி ஓய்வு பெறுவார். ஊதியம் நிற்குமுன் மின்கட்டணச் சுமையை நீக்கிவிடக் கருதி, கடன் பெற்று மாடியில் ஞாயிற்றுத் தகடுகள் அமைக்க எண்ணினர். எம் சிற்றப்பாவோ, “புதியது வருகின்றது, விலையும் குறையும், பொறுத்திருங்கள் அண்ணா” என்று தடுத்தனர். இருவரும் முடிவு காணாது, கல்லூரியிற் பயில்கின்றமையின் எமக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, “நீ என்ன சொல்கிறாய்?” என எம்மை வினவினர். தங்கையின் படிப்பிற்கென வைத்த தொகையும் இதனுட் கலந்திருந்தமையின் வாய்க்கு வந்ததைச் சொல்ல எமக்கு மனம் துணியவில்லை.

யாம் கற்றறிந்த குறை இதுவே. ஈரமும் வெப்பமும் ஒளியும் கூடின், பெரோவ்ஸ்கைட்டின் உள்ளுறுப்புக்கள் இடம் பெயர்கின்றன, படிகம் சிதைகின்றது. 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரத்திலும் ஆயிரம் மணிநேரம் தகட்டை வைத்துச் சோதிப்பர். அச்சோதனையே புதிய கலங்கட்குப் பெருந்தடை. விரலளவு கண்ணாடியிற் சீராகப் படியும் பூச்சு, கதவளவு கண்ணாடியில் நுண்துளைகள் பட்டுப் பழுதுறுகின்றது. ஈயம் அளவிற் சிறிதேயெனினும் நீரிற் கரையும் உருவில் இருத்தலின், தகடு உடைந்தால் மண்ணிற் கலக்கும் என்னும் அச்சமும் உளது. ஈயத்திற்கு ஈடாக வெள்ளீயம் பெய்து பார்த்தனர்; அது காற்றுப் பட்டவுடன் கெடுகின்றது. இவற்றிற்கெல்லாம் மருந்து தேடுவோர் பலர்.

சிலிக்கன் தகடுகட்கு இருபத்தைந்து ஆண்டு உறுதி கூறுதல் வழக்கம். பெரோவ்ஸ்கைட் கலம் பிறந்தே அத்தனை ஆண்டு ஆகவில்லை. ஆதலின் வெயிலில் அத்துணைக் காலம் நின்று காட்டியது ஒன்றும் இருத்தல் இயலாது. கடன் தீருமுன் தகடு தீர்ந்துவிடின், அவ்விழப்பைத் தாங்க வேண்டியவர் ஓய்வூதியம் பெறும் முதியவரே. ஆகவே, “சிலிக்கனையே வாங்குங்கள், அப்பா” என்று விடை கூறினோம்.

நண்பர் இதனை ஒப்பவில்லை. “அனைவரும் இவ்வாறே உரைப்பின், புதியது பிழைக்கும் வழி யாது?” என்றனர். அவர் கூற்றில் நேர்மையுண்டு. எனினும் சிலிக்கனும் முதலில் ஏழையர் கூரைமேல் ஏறவில்லை. விண்கோள் செலுத்தும் அரசும் பெருநிறுவனங்களுமே அதன் விலையையும் பழுதையும் தாங்கி வளர்த்தன. இழப்பைத் தாங்கவல்லார் முதலில் ஏற்க; தாங்கமாட்டார் பின்னர்ப் பெறுக. இம்முறை பிறழ்ந்து, எளியோர் கூரையே சோதனைச் சாலையாகுமேல், அஃது அறமாகாது.

பௌதிகமும் இரசாயனமும் பயிலும் தோழர்காள்! விழுக்காடுகள் ஏறும்போதெல்லாம் செய்தித்தாள்கள் முழங்குகின்றன. ஆயிரம் மணிநேரம் அடுப்பிற் கிடந்து கெடாது வந்த தகட்டைப் பற்றி எவரும் முழங்குவதில்லை. எம்மூர் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்கட்கு வேண்டுவது அத்தகடே. பெக்கெரலின் வயதில் நீவிரும் உள்ளீர். அதனை ஆக்குதல் நும் கடன். ஆக்கிய பின் அதன் இயல்பை எளிய தமிழில் எம் தந்தையார் போல்வார்க்கு எடுத்துரைத்தல் எம் கடன்.