உப்பு நிற்கும் இடம்

“அத்தை, இப்பல்லாம் லிக்விட் கிட்டாவே வருது. பாக்கெட்டைப் பிரிச்சுத் தண்ணியில கொட்டிக் கலக்கினா பத்து லிட்டர் ரெடி. நீங்க ஏன் இன்னும் ஸ்லரி கேனைத் தூக்கிட்டு அலையறீங்க?” என்று கேட்டாள் என் அண்ணன் மகள். பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு விற்றே வீட்டுக் கடனை அடைத்தவள் நான். தொழிலை அவளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில் இப்படிக் கேட்டாள். வாயால் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கிட்டில் எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரைக்கும் பசை இருக்கும், ஏற்கெனவே காஸ்டிக் சோடா போட்டுச் சமன்படுத்திய ஸ்லரி இருக்கும், உப்பு, கலர், எலுமிச்சை வாசனை எல்லாம் அளந்து கட்டியிருக்கும். பின்பக்கம் ‘பத்து லிட்டர் தண்ணீர்’ என்று அச்சடித்திருப்பார்கள். எந்தத் தண்ணீர்? சென்னையில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர், அடுத்த வீட்டுக்கு போர், அதற்கடுத்த அபார்ட்மென்டுக்கு லாரித் தண்ணீர். ஸ்லரிக்குக் கால்சியம் ஆகாது. கடினமான போர் தண்ணீரில் போட்டால் லிக்விட் கலங்கும், இரண்டு நாளில் கேனின் அடியில் வெள்ளையாக வண்டல் தங்கும், நுரையும் குறைந்துவிடும். வண்டலாகப் போனது வாசனையோ கலரோ கிடையாது. அழுக்கை எடுக்க வேண்டிய சரக்குதான் அப்படி வீணாகக் கீழே உட்காருகிறது. நான் ஆர்.ஓ. தண்ணீரில்தான் போடுகிறேன். அது வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து வடிகட்டி வைத்துப் போட்டோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்றே கூப்பிடுவோம். டிடர்ஜென்ட் கம்பெனியில் கெமிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் மகளிர் குழுவுக்குச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு எடுத்தார். முதல் வகுப்பில் எதையும் தொட விடவில்லை. கறுப்பாகப் பாகுபோல் இருந்த ஸ்லரியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொன்னார். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த பாரஃபினையும் பென்சீனையும் சேர்த்து எல்.ஏ.பி. என்ற எண்ணெய் செய்கிறார்கள், நம் மணலியிலேயே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் அதைச் செய்கிறது, அதைச் சல்ஃபோனேட் செய்தால் ஸ்லரி என்றார். அதற்கு முந்தைய தலைமுறைச் சரக்கு கிளைகிளையான மூலக்கூறு, சாக்கடைக் கிருமிகளால் அதைத் தின்ன முடியவில்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மிதந்தது என்றார். ஜெர்மனி 1964-லும் அமெரிக்கா 1965-லும் நேர்ச்சங்கிலிச் சரக்குக்கு மாறின. “நீங்க போடுற லிக்விட் ஸிங்க்கோட முடியறதில்லம்மா, கூவம் வரைக்கும் போகுது” என்றார். லிக்விட் கற்றுக்கொள்ள வந்த எங்களுக்கு அன்று அது பொறுமையைச் சோதித்த பேச்சு. இன்று எந்த வகுப்பிலும் அதை யாரும் சொல்வதில்லை.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அலுமினிய அண்டாவோடு வந்த ஒருத்தியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், ஹைட்ரஜன் கிளம்பும். பிளாஸ்டிக் டிரம்தான், மரத்துடுப்புதான். காஸ்டிக் கரைசல் ஆறியபின் ஸ்லரியை நூல்போல விட வேண்டும். கறுப்பு மெல்ல விலகித் தேன் நிறமாகி, பிறகு வெளிர்மஞ்சளாகும்.

ஒரு கிலோ ஸ்லரிக்கு எத்தனை கிராம் காஸ்டிக் என்று கேட்டால் நூற்றிருபதை ஒட்டி என்பேன். ஆனால் அந்த எண்ணை நம்பி யாரும் போடக் கூடாது. 90 சதவீதச் சரக்கு வேறு, 96 சதவீதச் சரக்கு வேறு. நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரே கடையில் வாங்கினாலும் இந்த மாதக் கேனும் அடுத்த மாதக் கேனும் ஒன்றாக இருப்பதில்லை, அதில் மிஞ்சியிருக்கும் கந்தக அமிலம் கூடும் குறையும். காஸ்டிக் செதிலும் காற்றில் ஈரம் குடித்து வலிமை இழக்கும். அதனால் கடைசி வார்த்தை பி.எச். காகிதத்துக்குத்தான். அதையும் கெட்டியான லிக்விட்டில் நேராக முக்கக் கூடாது. ஒரு பங்கு லிக்விட்டுக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் முக்கி, உடனே எடுத்து, பகல் வெளிச்சத்தில் அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏழுக்கு வரும்வரை சார் யாரையும் வீட்டுக்குப் போக விடமாட்டார்.

இந்தப் பிடிவாதம் யாருக்காக? ஒரு நாளைக்கு நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் கைக்காக. காரம் ஏறிய லிக்விட்டில் எண்ணெய்ப் பிசுக்கு வேகமாகப் போகும், வீட்டுக்காரம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். தேய்ப்பவளின் விரலிடுக்கு வெடிக்கும், நகக்கண் சிவக்கும். கிட் லிக்விட் விற்கிறவர்களிடம் பி.எச். என்ன என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘நல்லா நுரைக்குங்க’ என்றுதான் பதில் வருகிறது.

இனி உப்பு. இந்தத் தொழிலில் என்னை இன்றுவரை உட்காரவிடாமல் வைத்திருப்பது உப்பு ஒன்றுதான்.

லிக்விட் கெட்டியாவது உப்பினால். ஸ்லரியும் எஸ்.எல்.இ.எஸ்.ஸும் தண்ணீரில் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கின்றன. உப்பு சேரச்சேர அந்த உருண்டைகள் நீண்டு புழுக்களாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்போதுதான் துடுப்பு கனக்கும். இதுவரை சரி. ஓர் அளவைத் தாண்டி உப்பு போனால் அந்தப் பின்னல் தளர்ந்து லிக்விட் மறுபடியும் தண்ணீராகும். அனுபவமில்லாதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். நீர்த்துவிட்டதே என்று இன்னும் ஒரு பிடி உப்பு போடுவார்கள், அது இன்னும் நீர்க்கும், கடைசியில் கலங்கிப் பிரிந்து நிற்கும். அந்த அளவைத் தாண்டியபின் உப்பு உதவாது. தண்ணீரோ சரக்கோ சேர்த்துத்தான் இந்தப் பக்கம் இழுக்க முடியும்.

சார் எங்களைக் கிராஃப் நோட்டு வாங்கிவரச் சொன்னார். ஆளுக்கு எட்டுக் கண்ணாடி டம்ளர். ஒவ்வொன்றிலும் நூறு மில்லி லிக்விட். முதலாவதில் உப்பே இல்லை. அடுத்ததில் அரை கிராம், அதற்கடுத்ததில் ஒன்று, இப்படி அரையரையாக ஏற்றி மூன்றரை வரை. ஒரே மாதிரியான கோலிக்குண்டை ஒவ்வொரு டம்ளரிலும் போட்டு, அடி தொட எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். அதைக் கிராஃபில் குறித்தால் ஒரு மேடு வரும். மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக நிற்பதே உங்கள் உப்பு அளவு. உச்சியிலேயே நிற்கக் கூடாது. ஏனென்றால் வெயில் காலத்தில் ஒரு மாதிரியும் மார்கழி விடியலில் ஒரு மாதிரியும் அது நகரும். சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதைப் போன்ற வேலை இது. ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் வேறு பண்டமாகிவிடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நாம் போடும் உப்பு மட்டும் உப்பு அல்ல. ஸ்லரியில் மிஞ்சிய கந்தக அமிலம் காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகிறதே, அதுவும் உப்பு வேலைதான் செய்யும். கைக்கு மிருதுவாக இருக்கட்டும் என்று சேர்க்கும் பீட்டெய்னில் சாதாரண உப்பு கரைந்தே வருகிறது. சில வாசனை எண்ணெய்கள் எதிர்த்திசையில் இழுத்து லிக்விட்டை நீர்க்கடிக்கும். அதனால் கேன் மாறினால் மேடு இடம் மாறும், எலுமிச்சை போய் வேப்பிலை வாசனை வந்தால் மாறும். ஒவ்வொரு முறையும் டம்ளர் வரிசை வைக்கத்தான் வேண்டும். கிட்டில் உப்பைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்களே, அவர்கள் எந்த மேட்டைப் பார்த்தார்கள்? எந்தத் தண்ணீரில்?

கல்லுப்பையும் சார் விடமாட்டார். தூத்துக்குடி கல்லுப்பு ஊறுகாய்க்கு உயர்வு, ஆனால் அதில் ஒட்டியிருக்கும் கால்சியமும் மண்ணும் லிக்விட்டைக் கலக்கிவிடும். சுத்திகரித்த தூள் உப்பைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கரண்டி கரண்டியாக விட வேண்டும். சூட்டோடு கெட்டி பார்க்கக் கூடாது. இரவு ஆறவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவும் செய்தபின் வாடிக்கையாளர் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்து, “கடையில விக்கிறது இதைவிடத் திக்கா இருக்கே” என்பார். கெட்டிக்கும் சக்திக்கும் சம்பந்தமே இல்லை. நூறு மில்லியில் பாதிச் சரக்கைக் குறைத்துவிட்டு கம் தூளைப் போட்டு அல்வா மாதிரி நிற்கவைக்க எனக்கும் தெரியும். அதைச் செய்கிறவர்கள் என் விலையில் பாதிக்கு விற்கிறார்கள். இரண்டு சொட்டில் முடிய வேண்டிய பாத்திரத்துக்கு ஐந்து சொட்டு போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் குழுவில் இருந்தவர்களே ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

வீடியோ பார்த்து வருகிறவர்கள் வேறு வகை. எலுமிச்சைச் சாறு, வினிகர், சமையல் சோடா மூன்றையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவைத்து ‘இயற்கை லிக்விட்’ என்கிறார்கள். பொங்கியது கரியமில வாயு. அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிச்சம் இருப்பது கொஞ்சம் உப்புத் தண்ணீர். குளியல் சோப்பைத் துருவிக் கரைத்து அதில் எலுமிச்சை பிழிகிறவர்கள் இன்னும் மோசம். அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பாகத் திரியும், அதைப் பாத்திரத்தில் பூசுகிறார்கள். பூந்திக்கொட்டையை நான் குறைசொல்ல மாட்டேன். ஊறவைத்துக் கொதிக்கவைத்துப் பிழிந்தால் பட்டுப்புடவைக்கும் வெள்ளிக்கும் அருமை. ஆனால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும், கறிக்குழம்பு ஒட்டிய இரும்புச் சட்டியோடு அதனால் மல்லுக்கட்ட முடியாது.

ஓ.எம்.ஆர். பக்கத்து ஃபிளாட்களில் டிஷ்வாஷர் வந்தபின் அந்த வீட்டுப் பெண்களும் கேட்கிறார்கள். மெஷினில் என் லிக்விட்டைச் சொட்டுகூட விடாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. நுரை கதவு வழியாக வெளியே வரும், பம்ப் திணறும். மெஷினுக்கு நுரைக்காத தூள் வேண்டும். சோடா ஆஷ், பெர்கார்பனேட், சோடியம் சிட்ரேட் கலந்து போட்டுத் தருகிறேன். சிட்ரேட்டுக்குப் பதில் சிட்ரிக் அமிலத்தை நேராகச் சோடா ஆஷில் கலந்துவைக்கிறவர்களுக்கு நம்மூர்க் காற்றின் ஈரமே எதிரி. டப்பாவுக்குள்ளேயே இரண்டும் வேலையை முடித்துக்கொண்டு கல்லாகிவிடும். பெர்கார்பனேட் ஈரம் பட்டால் ஆக்சிஜன் விடும், இறுக மூடிய டப்பா உப்பும்.

கடினமான லாரித் தண்ணீர் வருகிற வீட்டில் இந்தத் தூளும் போதாது. மெஷினின் அடியில் உப்பு போடும் அறை இருக்கிறது. அங்கே போடும் உப்பு தண்ணீரை மென்மையாக்கும் ரெஸினைக் கழுவிப் புதுப்பிக்க. அதைக் காலியாகவிட்டு, கண்ணாடி டம்ளர் வெளுக்கிறது என்று தூளைக் குறைசொல்வார்கள். பழைய புத்தகங்களில் உள்ள ஃபார்முலாவில் எல்லாம் பாஸ்பேட் இருக்கும், தண்ணீரின் கடினத்தை அது சமாளித்துவிடும். குளம் குட்டைகளில் பாசி மண்டியதால் ஐரோப்பா 2017-லிருந்து வீட்டு மெஷின் தூளில் ஒரு கழுவலுக்கு 0.3 கிராம் பாஸ்பரஸுக்கு மேல் கூடாது என்று கட்டிவிட்டது. நானும் போடுவதில்லை. என் தூளில் என்சைம் கிடையாது, அதனால் காய்ந்துபோன சோற்றுப் பசையும் இட்லி மாவும் ஊறவைக்காமல் போகாது. வாங்கும்போதே அதைச் சொல்லித்தான் தருகிறேன். அலுமினியக் குக்கர், பித்தளைக் குத்துவிளக்கு இரண்டையும் உள்ளே வைக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். காரத்தில் அலுமினியம் கறுக்கும், பித்தளைக்குப் புளிதான்.

சமீபத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பேசக் கூப்பிட்டார்கள். காலையில் தொடங்கி மாலையில் சான்றிதழ். மேசைமேல் கிட் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. தராசு இல்லை, பி.எச். காகிதம் இல்லை, கையுறை இல்லை. எட்டு டம்ளர் வேண்டும் என்று கேட்டேன். நேரமில்லை, எல்லோரும் நாளைக்கே விற்கத் தொடங்க வேண்டும் என்றார்கள். கடன் வாங்கி, நகையை வைத்து வந்திருந்த பெண்கள் அவர்கள். மார்கழியில் லிக்விட் கலங்கிப் பாட்டில்கள் திரும்பி வரும்போது அந்த மையத்தில் யார் பதில் சொல்வார்கள்? அவர்களில் யார் வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வரலாம். காசு வேண்டாம். ஸ்லரியும் தண்ணீரும் நான் தருகிறேன். கிராஃப் நோட்டும் அரை கிராம் காட்டும் தராசும் அவர்கள் கொண்டுவர வேண்டும், மறுநாள் காலையும் வர வேண்டும்.