பொங்கல் டெஸ்ட்

தீபாவளின்னா புதுப்படம், பொங்கல்னா டெஸ்ட் மேட்ச். எங்க வீட்டில் அப்பா காலத்துக் கணக்கு இது. கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் அம்மா டிபார்ட்மெண்ட். அப்பாவுக்கு பொங்கல்னா சேப்பாக்கம்தான். மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம், பஸ் வரலைன்னா பீச் ரோட்டைப் பிடிச்சு நடை.

இப்போ இருபது, இருபத்தஞ்சு வயசில் இருக்கிறவங்ககிட்ட 'பொங்கல் டெஸ்ட்'னு சொன்னா, ஏதோ பரீட்சைன்னு நினைக்கிறாங்க. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1967 ஜனவரியில் சோபர்ஸ் வந்தார். இஞ்சினியர் முதல் நாள் லஞ்சுக்கே 94. அப்பாவுக்கு அப்போ பத்தொன்பது வயசு. அந்த ஆறு ரன்னுக்காக இன்னிக்கு வரைக்கும் வருத்தப்படுவார். 1975 பொங்கலுக்கு ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்தார், எதிரே விஸ்வநாத் 97 நாட் அவுட். டீம் மொத்தமே 190! மேட்ச்சை நாம ஜெயிச்சோம். 1977-ல் இங்கிலாந்து வந்தப்போ ஜான் லீவர் வாஸலின் தகராறு. 1980-ல் பாகிஸ்தான், கவாஸ்கர் 166, கபில் பதினோரு விக்கெட். 1982-ல் ஜனவரி 14, சரியா பொங்கலன்னிக்கு, விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் நாள் பூரா ஆடினாங்க, ஒரு விக்கெட் கூட விழலை. விஸ்வநாத் 222. அன்னிக்கு வீட்டில் பால் பொங்கினப்போ அப்பா இல்லை. இதை அம்மா இன்னும் மறக்கலை, அப்பாவுக்கும் அதில் வருத்தம் இருக்கிற மாதிரி தெரியலை.

இந்த லிஸ்டில் எனக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. 1988 ஜனவரி, வெஸ்ட் இண்டீஸ். எனக்குப் பத்து வயசு. கண்ணாடி போட்ட பத்தொன்பது வயசுப் பையன் ஹிர்வானி, முதல் டெஸ்ட்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட். கிரண் மோரே ரெண்டாவது இன்னிங்ஸில் மட்டும் அஞ்சு ஸ்டம்பிங். எனக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் சிமெண்ட் படி சூடு, அப்பா தோள் மேல ஏறி நின்னது, எவர்சில்வர் அடுக்கில் எலுமிச்சை சாதம். பக்கத்தில் ஒரு தாத்தா டிரான்சிஸ்டரைக் காதோட ஒட்ட வச்சுக்கிட்டு, கண்ணு முன்னாடி நடக்கிறதை ரேடியோ சரின்னு சொன்னப்புறம்தான் நம்பினார்.

அதுக்கப்புறம் பொங்கலுக்கு சேப்பாக்கத்தில் டெஸ்ட்டே நடக்கலை. முன்னெல்லாம் வெளிநாட்டு டீம் வந்தா அஞ்சு டெஸ்ட், ஆறு டெஸ்ட். பம்பாய், டெல்லி, கல்கத்தான்னு சுத்தி வரும்போது ஜனவரி நடுவில் மெட்ராஸ் முறை வந்துடும். அப்புறம் தொடர் சுருங்கி மூணு, ரெண்டுன்னு ஆச்சு, மைதானங்கள் பெருகிச்சு, ஜனவரியில் பல வருஷம் நம்ம ஆட்களே ஆஸ்திரேலியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருந்தாங்க. 1999-ல் பாகிஸ்தான் டெஸ்ட் கூட (டெண்டுல்கர் 136, பன்னிரண்டு ரன்னில் தோல்வி, எதிர் டீமுக்கு எழுந்து நின்னு கைதட்டல்) ஜனவரி 28-ல்தான் ஆரம்பிச்சது. கரும்புச் சக்கையெல்லாம் குப்பைக்குப் போய் ரெண்டு வாரம் ஆச்சு. யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனா எங்க ஊர்ப் பண்டிகையிலிருந்து ஒரு பலகாரத்தை எடுத்துட்ட மாதிரிதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன். 2021 பொங்கல்.

வியாழன் பொங்கல், வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல், அதோட ஞாயிறு. நாலு நாள் லீவு. ஆனா கொரோனா வருஷம். மெரினாவை மூணு நாளைக்கு மூடிட்டாங்க. சொந்தக்காரங்க யாரும் வரக்கூடாதுன்னு அம்மாவே போன் போட்டுச் சொல்லியாச்சு. அப்பாவுக்கு எழுபத்தி மூணு. மார்ச்சிலிருந்து வாசல்படி தாண்டினது விரல் விட்டு எண்ணலாம். பேச்சு ரொம்பக் குறைஞ்சு போச்சு. பேப்பரை மடிச்சு வச்சுட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த டிசம்பரில் அப்துல் ஜப்பார் காலமானார்னு செய்தி வந்தப்போ மட்டும், "ரேடியோல அந்தக் குரல் வந்தா பந்து போற வழி தெரியும்டா"ன்னார். அதுக்கப்புறம் ரெண்டு நாள் அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அஞ்சரைக்கு பிரிஸ்பேனில் மேட்ச். எங்க வீட்டில் அதே நேரத்துக்குக் கனு. அம்மாவும் தங்கமணியும் மொட்டை மாடியில் மஞ்சள் இலையில் கனுப்பிடி வைக்க, கீழே நானும் அப்பாவும் டி.வி. முன்னாடி. பாதி டீம் அடிபட்டுக் கிடக்குது. சிட்னியில் முதுகு வலியோட நின்னு மேட்ச்சைக் காப்பாத்தின அஷ்வின் இல்லை. டீம் லிஸ்ட் வருது: நடராஜன், வாஷிங்டன் சுந்தர். ரெண்டு பேருக்கும் முதல் டெஸ்ட்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொங்கலுக்கு ரெண்டு நம்ம பசங்களா?"

நெட்டில் பந்து போட அழைச்சுக்கிட்டுப் போன சின்னப்பம்பட்டிக்காரர், அதே டூரில் ஒன் டே, டி20, டெஸ்ட் மூணும் ஆடியாச்சு. வாஷிங்டன் திருவல்லிக்கேணிக் குடும்பம்; சேப்பாக்கத்துக்கு நடந்தே போயிடலாம். ஸ்மித்தை எடுத்தது வாஷிங்டன். வேடையும் சதம் அடிச்ச லபுஷேனையும் எடுத்தது நடராஜன். லபுஷேன் அவுட்டானதும் அப்பா ரிமோட்டை வாங்கி டி.வி. சத்தத்தை மொத்தமா அணைச்சார். அப்புறம் ரெண்டு ஓவர் அவரே தமிழில் வர்ணனை. "இடது கை... ஓடி வருகிறார்... அளவு குறைந்த பந்து..." மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மா, கையில் மஞ்சளோட அப்படியே நின்னுட்டாங்க.

மத்தியானம் தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். சேப்பாக்கத்துக்குக் கட்டிக்கிட்டுப் போன அதே அயிட்டம்தான். தட்டு வேணாம், அடுக்கிலேயே போடுன்னு அப்பா அடம்.

சனிக்கிழமை பிரிஸ்பேனில் டீ இடைவேளையோட மழை, மேட்ச் அவ்வளவுதான். இங்கே காலை பத்து மணிதான் ஆகுது. சேனலைத் திருப்பினா அலங்காநல்லூர். மிச்ச நாள் ஜல்லிக்கட்டில் போச்சு. அதைப் பத்தி தனியா எழுதணும், எனக்கு அதில் ரெண்டு மனசு.

ஞாயிறுதான் ஞாயிறு. 186-க்கு ஆறு விக்கெட். எதிரே 369. வாஷிங்டனும் ஷர்துல் தாக்குரும் 123 ரன் சேர்த்தாங்க. வாஷிங்டன் 62, தாக்குர் 67. லயனை ஒரு சிக்ஸர் அடிச்சுட்டு பந்து எங்கே போகுதுன்னு கூட பார்க்கலை அந்தப் பையன். அப்பா எழுந்து நின்னு கைதட்டினார், தனியா, ஹாலில், ஸ்வெட்டரும் மப்ளருமா. செவ்வாய்க்கிழமை 328-ஐத் துரத்தி ஜெயிச்சதை உலகமே எழுதியாச்சு. காபாவில் ஆஸ்திரேலியா அதுக்கு முன்னாடி தோத்தது 1988-லாம். "ஹிர்வானி வருஷம்"னார் அப்பா. அவருக்கு வருஷமெல்லாம் அப்படித்தான்.

அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. பிப்ரவரி 5, அதே வாஷிங்டனுக்கு சேப்பாக்கத்தில் டெஸ்ட். இங்கிலாந்து 578. நம்ம பையன் ரெண்டு நாளுக்கு மேல அடி வாங்கின பௌலர்களுக்கு ஆறுதல் மாதிரி 85 நாட் அவுட், கூட நிக்க ஆளில்லாம சதம் போச்சு. கொரோனா காரணமா அந்த மேட்ச்சுக்கு ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. திருவல்லிக்கேணிக்காரர் சேப்பாக்கத்தில் 85 அடிக்கிறார், காலி நாற்காலிங்க பார்க்குது. பேட்டில் பந்து பட்ட சத்தம் டி.வி.யில் அப்படித் தெளிவா கேட்டுது.

13-ம் தேதி ரெண்டாவது டெஸ்ட்டுக்குப் பாதிக் கூட்டத்தை உள்ளே விட்டாங்க. அஷ்வின் சதம் அடிச்சு மைதானமே அதிர்ந்தது. அந்த டீமில் வாஷிங்டன் இல்லை.

அப்பா அன்னிக்கு அடுக்கைத் தேடி எடுத்துத் தேய்ச்சு வச்சிருந்தார். டாக்டர் வேணாம்னுட்டார், அதனால போகலை. ஹாலில் உட்கார்ந்து அதிலேயே தயிர் சாதம் சாப்பிட்டுக்கிட்டே மேட்ச் பார்த்தோம்.